உவர்நீரில் ஓர் உலகம் - சுண்டிக்குளத்தில் ஒரு நாள்

யாழ்ப்பாணம் போய் வந்தவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கோட்டை, பொது நூலகம், நயினாதீவு, கீரிமலைக் கேணி என்று பட்டியல் நீளும். பனங்கிழங்கின் சுவையையும் பருத்தித்துறை வடையையும் சொல்ல மறக்க மாட்டார்கள். வழியில் ஆனையிறவு வந்திருக்குமே என்றால், “அது வெறும் வெட்டவெளி” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த இடத்தில் பஸ்ஸில் பெரும்பாலோர் நித்திரை. விழித்திருப்பவர்களும் போர்ச் சின்னங்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அந்த வெட்டவெளிக்குள் அல்லாஹ் எத்தனை உயிர்களுக்கு உணவு வைத்திருக்கிறான் என்பதைப் பார்த்து வருவதற்காகவே, கடந்த ஜனவரியில் உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். எங்கள் பாடசாலையின் புவியியல் ஆசிரியரும் உடன் வந்தார். புத்தளத்திலிருந்து ஒரு நண்பரும் வந்து சேர்ந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சிறுவனாகப் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றவர் அவர். புத்தளத்து உப்பளங்களின் ஓரத்தில் வளர்ந்ததால், உப்பைப் பற்றி எங்கள் எல்லோரையும் விட அதிகம் தெரிந்தவர்.

முதலில் ஆனையிறவிலேயே வானை நிறுத்தினோம். குடாநாட்டை வன்னிப் பெருநிலத்துடன் இணைக்கும் ஒடுங்கிய வழி இது. மேற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி; கிழக்கே சுண்டிக்குளம் வரை நீளும் ஆனையிறவு நீரேரி. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆழமில்லாத இந்த நீரினூடாக ஓட்டிச் சென்று, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேற்றி விற்ற காலத்தில் வந்த பெயர் என்பர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இங்கு நடந்த சண்டைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நாம் உப்பைப் பார்ப்போம்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீரைப் பாத்திகளில் தேக்கிவிட்டால் வெயிலும் காற்றும் மீதி வேலையைச் செய்கின்றன. ஆனால் எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு சார்ந்தவை படிகின்றன, பிறகு ஜிப்சம். அதற்கும் பிறகு, கடைசிப் பாத்தியில்தான், நாம் கறிக்குப் போடும் உப்பு பூக்கிறது. அதன் பின்னும் காய விட்டால் கசப்பு உப்புக்கள் கலந்துவிடும் என்பதால் மிஞ்சிய கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். “உப்புக்காரனுக்குக் கணக்கை விட நாக்குத்தான் முக்கியம்” என்றார் புத்தளத்து நண்பர். ஆனையிறவு உப்பளம் ஒரு காலத்தில் நாட்டின் பெரிய உப்பளங்களில் ஒன்று. 1990இல் போரினால் மூடப்பட்டது. போருக்குப் பின் பாத்திகள் மெல்லத் திருத்தப்பட்டு, 2025 மார்ச்சில் அங்கே உப்புத் தொழிற்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது.

உப்பு முற்றிய பாத்தியொன்றின் நீர் இளஞ்சிவப்பாக இருப்பதை ஒரு மாணவன் காட்டினான். சாயக் கழிவாக இருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். சாதாரண உயிர்கள் வாழ முடியாத அந்த உவரில் விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது என்று புவியியல் ஆசிரியர் விளக்கினார். அந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பூநாரையைப் பார்க்கும்போது தேவைப்படும்.

அங்கிருந்து வந்த வழியே சிறிது தூரம் திரும்பி, புதுக்காட்டுச் சந்தியில் கிழக்கே பிரிந்து மருதங்கேணிக்குப் போனோம். வடமராட்சி கிழக்கின் கரையோரம் அங்கே தொடங்குகிறது. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நீரேரி. நடுவே மணலும் பனையும் கொண்ட ஒரு நீண்ட நிலத்துண்டு. உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று மீனவக் கிராமங்கள் வரிசையாக வருகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையைத் துடைத்துச் சென்றது. உடுத்துறையில் உள்ள நினைவாலயத்தில் இறங்கிச் சிறிது நேரம் நின்றோம். மாணவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர்களும் எதுவும் கேட்கவில்லை.

கட்டைக்காடு தாண்டியதும் வீடுகள் அருகி, தரவை விரிகிறது. தரையோடு தரையாகக் கிடக்கும் உமிரிச் செடிதான் இந்த உவர் நிலத்தின் புல். அதன் இலை பருத்து, நீர் நிரம்பி, சிறு மணிகளைக் கோத்தது போலிருக்கும். உறிஞ்சிய உப்பை இலைக்குள் தேக்கி, அதை நீரால் ஐதாக்கி வைத்துக்கொள்வது அதன் தந்திரம். கோடையில் நிலம் காயக் காய அது சிவந்துவிடும். கரையோர மக்கள் கொழுந்தைக் கிள்ளி அவித்து, நீரை வடித்துவிட்டுச் சமைப்பதுண்டு. உப்புப் போடத் தேவையில்லை!

நீரோரத்தில் கண்ணா மரங்கள். இது வேறு தந்திரக்காரன். உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. இலையைத் திருப்பி நக்கிப் பாருங்கள் என்றேன். முதலில் தயங்கியவர்கள், ஒருவன் நக்கிவிட்டு முகத்தைச் சுளித்ததும் எல்லோரும் ஆளுக்கோர் இலையைப் பறித்துவிட்டார்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல மேல் நோக்கி நிற்பவை அதன் மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சு முட்டிச் சாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அவற்றுக்கிடையில், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த சிறு நண்டுகள் அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆண் நண்டுக்கு மட்டுமே அந்தப் பெரிய கொடுக்கு. காலடி அதிர்ந்ததும் ஒரே நொடியில் எல்லாம் வளைக்குள்.

பறவைகளுக்கு வருவோம்.

நீரேரியின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. மணல்திட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்த மாணவன், “சேர், திட்டு நடக்குது!” என்று கத்தினான். பூநாரைகள். எண்ணிப் பார்க்க முயன்று கைவிட்டோம். பூநாரை உண்ணும் விதமே விசித்திரமானது. தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பக்கம் கீழே வரும்படி நீருக்குள் வைத்து, காலால் சேற்றைக் கலக்கி, நீரை உறிஞ்சி வடிகட்டுகிறது. அலகின் ஓரங்களில் சீப்புப் போன்ற அமைப்பு இருக்கிறது; நீர் வெளியேறிவிட, நுண்ணிய இறால் வகைகளும் பாசியும் உள்ளே தங்கிவிடுகின்றன. அதன் இளஞ்சிவப்பு பிறவியிலேயே வந்ததன்று. குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். பாசியிலும் அதைத் தின்று வளரும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருள் உணவின் வழியே இறகில் ஏறுகிறது. உப்பளத்தில் கண்ட அதே வகை நிறம், நீரிலிருந்து பறவைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது!

கரையருகே ஊசிவால் வாத்துக்கள் கூட்டங் கூட்டமாக மிதந்தன. கூழைக்கடாக்கள் சோம்பலாக அமர்ந்திருந்தன. மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் ஒரே இடத்தில் மேய்ந்தாலும் ஒன்றின் பங்குக்கு மற்றது போட்டியில்லை. நாரை அலகைத் திறந்து நீருக்குள் வைத்துக் காத்திருக்கிறது. கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசி அரித்துச் செல்கிறது. சிவந்த நெடுங்காலுடன் உள்ளான் ஒன்று எங்களைக் கண்டு கத்திக்கொண்டே சுற்றியது. இவற்றுள் கூழைக்கடாவும் நாரையும் இந்நாட்டில் கூடு கட்டுபவை. வாத்துக்களும் சிறு உள்ளான்களில் பலவும் வட ஆசியாவின் குளிரிலிருந்து வருபவை. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் சிறு கருவி பொருத்தி, ‘மேகா’ என்று பெயரிட்டு விட்டார்கள். அது ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து, ரஷ்யாவின் வட கோடியில் உள்ள யமால் தீபகற்பத்தை அடைந்ததைக் கருவி காட்டிக் கொடுத்தது. சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவையைத் தாங்குபவன் யார் என்று சூரத்துல் முல்க் நம்மைச் சிந்திக்க அழைப்பது என் நினைவுக்கு வந்தது. எத்தனையோ இரவுகள் ஓதிய அத்தியாயம். அந்தக் கரையில் நின்று அதை நினைத்தது வேறு அனுபவம்.

ளுஹர் நேரம் வந்தது. குடிநீர்ப் போத்தல்கள் வானில் இருந்தன. ஒரு மாணவன் நீரேரியைக் காட்டி, “இந்த உப்புத் தண்ணியில வுழூ கூடுமா மௌலவி?” என்று கேட்டான். கடற்பயணம் செல்வோர் இதே கேள்வியை நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதையும், கடல்நீர் தூய்மையானது என்று விடை கிடைத்ததையும் சொன்னேன். எல்லோரும் அங்கேயே வுழூச் செய்தோம். தொழுது முடிப்பதற்குள் கையில் நீர் காய்ந்து வெள்ளை பூத்துவிட்டது.

சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அப்போதைய பரப்பு 11,149 ஹெக்டயர். 2015இல் அதைத் தேசிய பூங்காவாகத் தரம் உயர்த்தி, 19,565 ஹெக்டயராக விரித்தார்கள். போர்க்காலத்தில் மனிதர்கள் நடமாட முடியாமற் போனதால் பறவைகள் பிழைத்தன என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிப்பதில்லை. மனிதன் விரட்டப்பட்டால்தான் பறவை வாழும் என்றால், அதைக் காப்பு என்று எப்படிச் சொல்வது?

கரையில் சிறகுவலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பூங்கா வந்ததில் மகிழ்ச்சிதானே ஐயா என்றேன். சிரித்தார்.

“பறவைக்கு இடம் வேணும்தான் மௌலவி. நாங்கள் ஒருநாளும் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. எங்கட பாட்டன் காலத்திலயும் அதுகள் வந்ததுதான், நாங்களும் இருந்தனாங்கள்தான். இப்ப எல்லைக்கல்லைப் பாத்தா எது எங்கட கரை, எது பறவையின்ர கரை எண்டு விளங்குதில்லை.”

அவருடைய பேச்சு என்னை அரபுக் கல்லூரிப் பாடத்துக்கு இழுத்துச் சென்றது. மதீனாவுக்கு அருகே நகீஉ என்னும் புல்வெளியை நபி (ஸல்) அவர்கள் ‘ஹிமா’வாக, அதாவது ஒதுக்கப்பட்ட நிலமாக, ஆக்கியிருந்தார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்ற தம் பணியாளரைப் பொறுப்பாக்கியபோது இட்ட கட்டளையை ஸஹீஹுல் புகாரியில் ஓதியிருக்கிறோம். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வர்களான நபித்தோழர்களின் மந்தைகளைத் தடுக்கும்படியும் பணித்தார்கள். செல்வருக்கு மந்தை அழிந்தாலும் தோட்டமும் வயலும் உண்டு. ஏழைக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதே காரணம். சரணாலயங்களுக்கு எல்லை கீறுவோர் அந்த ஒரு சம்பவத்தைப் படித்தால் சிறகுவலைக்காரரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆனால் இந்த நீரேரியின் பெரிய கேள்வி எல்லைக்கல் பற்றியதன்று. தண்ணீர் பற்றியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மழைக்காலத்து நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தங்க, அதைக் கிணறு தோண்டி இறைத்தே பரம்பரை பரம்பரையாக வாழ்ந்திருக்கிறார்கள். அதிகமாக இறைத்தால் உவர் ஏறும். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் அதே நீரில்தான் கலக்கும். மறுபுறத்தில், இரணைமடுவிலிருந்து வழியும் கனகராயன் ஆற்றின் வெள்ளம் ஆனையிறவு நீரேரிக்குள் வந்து, சுண்டிக்குளம் வழியே கடலில் சேர்கிறது. இதைப் பார்த்த எவருக்கும் ஓர் எண்ணம் எழுவது இயல்பு. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் அதைத் திட்டமாகவே எழுதினார். ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் உவர் நீர் புகும் வழிகளை அடைத்துவிட வேண்டும். நன்னீர் தேங்கியதும் முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தொண்டைமானாற்றின் தடுப்பணை அதைக் கடலுக்கு விடாமல் காக்கும். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று மக்கள் நாவில் வழங்கும் கனவு இதுவே. சில வேலைகள் நடந்தன, திட்டம் நிறைவேறவில்லை. இன்றும் தேர்தல் மேடைகளில் அந்த ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது!

இனிக்கும் நீரும் கசக்கும் உவர் நீரும், இடையே ஒரு தடுப்பும் என்று அல்குர்ஆன் பேசும் இடத்தை ஓதியவர்கள் நாம். அந்தத் தடுப்பை நாமே கட்டினால் என்ன ஆகும்? இதற்கு விடை தேட நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டும்.

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் பூந்தல, பூநாரைக்குப் பேர்போன இடம். ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் பட்டியலில் 1990இல் சேர்ந்த நம் நாட்டின் முதல் இடமும் அதுவே. அதற்கு மேலே லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தின் பாசனத்தால் வயல்கள் செழித்தன. வயல்களின் கழிவு நீர் பூந்தலவின் நீரேரிகளுக்குள் வடிந்தது. யாரும் பூநாரையை வேட்டையாடவில்லை. சுட்டு விரட்டவும் இல்லை. உவர் குறைந்தது, உவரில் வாழ்ந்த சிற்றுயிர்கள் குறைந்தன. 2004க்குப் பின் பூந்தலவில் பூநாரை காண்பது அரிதாகிவிட்டது. நல்ல தண்ணீர்தான் அவற்றை அனுப்பி வைத்தது.

சிறகுவலைப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் பறவையைப் பற்றிப் பேசவில்லை. “இறால் குஞ்சு கடலிலயிருந்து தொடுவாயால உள்ளுக்கு வந்துதான் வளரும். வாற வழியை அடைச்சுப்போட்டு எங்களை என்ன செய்யச் சொல்லுறியள்?” என்றார்.

ஆகவே ஆறு வேண்டாம், யாழ்ப்பாணம் தாகத்தோடு கிடக்கட்டும் என்று சொல்வதா? புத்தளத்து நண்பருக்கும் எனக்கும் வான் திரும்பும் வழியெல்லாம் இதுவே வாதம். அவர் பிறந்த வீட்டுக் கிணறு இப்போது சவராகிவிட்டதாம். “பத்துக் கொக்குக்காகக் குடாநாட்டுப் பிள்ளைகள் சவர் குடிப்பதா?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம். ஆனால் நாங்கள் அப்போது கடந்துகொண்டிருந்த தாளையடியிலேயே அதற்கு ஒரு பதில் நின்றது. கடல்நீரை நுண்ணிய சவ்வினூடாக அழுத்திச் செலுத்தி, உப்பைப் பிரித்து, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் வகையில் கட்டப்பட்ட நிலையம் 2024 ஓகஸ்டில் அங்கே திறக்கப்பட்டது. இரணைமடு நீரைக் கொண்டுவரும் முந்திய யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்த பின்னர் வந்த வழி இது. மின்சாரச் செலவு அதிகம். எஞ்சும் கடும் உவர் கடலுக்கே திரும்புகிறது. குறைகள் இருக்கின்றன. எனினும் குடிநீருக்காக நீரேரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற வாதத்தின் பலம் தாளையடிக்குப் பின் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. தோட்டக் கிணறுகளுக்கு மழைநீரைக் குளங்களிலும் கேணிகளிலும் தேக்குவது பழைய வழி. தூர்ந்து கிடக்கும் அவற்றை முதலில் வெட்டலாம். முழு நீரேரியையும் அடைப்பதற்கு முன், எந்த மாதத்தில் எவ்வளவு உவர் எந்தப் பகுதியில் தேவை என்பதை மீனவரையும் பறவை ஆய்வாளரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்டாக வேண்டும். நண்பர் இதை முழுமையாக ஏற்கவில்லை. “கேளுங்கள், ஆனால் இன்னும் எழுபது ஆண்டு கேட்டுக்கொண்டே இராதீர்கள்” என்றார்.

பார்க்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். பறவைகள் மிகுந்திருக்கும் காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. அதிகாலையிலோ அஸருக்குப் பின்போ போவது நல்லது. நடுப்பகல் வெயிலில் நிழல் கிடைக்காது. கட்டைக்காட்டுக்கு அப்பால் கடைகளை நம்பாமல் குடிநீரும் உணவும் எடுத்துச் செல்லுங்கள். தொலைநோக்கி ஒன்று இருந்தால் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். இரண்டு எடுத்துப் போங்கள். முகமாலை முதலாக இந்தப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி நீண்ட காலம் நடந்தது என்பதால், பாவனையில் உள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். பூநாரைக் கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படமெடுக்க ஆசைப்பட்டு நீருக்குள் ஓடாதீர்கள். ஒரு முறை எழும்பி அமர்வதற்கு அவை செலவிடும் சக்தியை மீண்டும் சேர்க்க நெடுநேரம் தலைகீழாக நின்று அரிக்க வேண்டியிருக்கும்.